சிறிய ஊரின் மருந்துக் கம்பெனி வரலாற்றைத் தோண்டி எழுதுவது எப்படி

ஒரு சிறிய ஊரில் தலைமுறைக் கணக்கில் மாத்திரையும் டானிக்கும் செய்துகொண்டிருந்த கம்பெனியைப் பற்றி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடிப் பிடிப்பது அந்தக் கம்பெனியே போட்ட வெள்ளிவிழா மலரைத்தான். நிறுவனரின் படம், ரிப்பன் வெட்டும் படம், வாழ்த்துச் செய்திகள் எல்லாம் அதில் அழகாக இருக்கும். அதை ஓரமாக வையுங்கள். தூக்கிப் போட வேண்டாம், பின்னால் தேவைப்படும். ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால், நீங்கள் எழுதுவதும் இன்னொரு விழா மலராகத்தான் வந்து நிற்கும்.

மருந்துத் தொழிலில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அரசாங்கம், வரித்துறை, நீதிமன்றம், டாக்டர் சங்கம், தீ இன்சூரன்ஸ்காரர் என்று எல்லோரும் இந்தத் தொழிலை எட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறார்கள். கம்பெனி தன் பழைய ஃபைல்களை மொத்தமாக எடைக்குப் போட்டிருந்தாலும், வெளியே அதைப் பற்றிய காகிதம் எங்காவது இருக்கும். வெளியே இருப்பதை முதலில் சேர்த்துக்கொண்டு அப்புறம் கம்பெனி சொல்லும் கதைக்கு வாருங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டியின் சாரம்.

லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கையில் ஒரு பழைய பாட்டிலோ அட்டைப்பெட்டியோ கிடைத்தால் அதில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், பேட்ச் நம்பர் உட்பட. முகவரியே காலத்தைச் சொல்லிவிடும். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் அது 1963-க்கு முந்தியதாக இருக்க முடியாது. இந்திய முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972-க்கு அப்புறம்தான். இந்திய லேபிளில் உற்பத்தி லைசென்ஸ் எண் இருக்கும், அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் பெயர் மாறியிருந்தாலும் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தின் பதிவேட்டில் போய்க் கேட்பதற்கு அதுதான் பிடி.

அமெரிக்க மருந்துகளில் 1906-ஆம் ஆண்டின் உணவு மற்றும் மருந்துச் சட்டத்தின் கீழ் உத்தரவாதம் என்று போட்டு ஒரு சீரியல் எண்ணும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அரசாங்கம் ஒப்புதல் கொடுத்த மருந்து என்று எழுதிவிடாதீர்கள். உத்தரவாதம் கொடுத்தது கம்பெனிதான், அரசாங்கம் அதைப் பதிவு செய்து ஒரு எண் கொடுத்தது, அவ்வளவுதான். அந்தக் காலத்து மக்களும் இதைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டார்கள், அதனாலேயே அந்த வாசகத்தைப் பின்னாளில் எடுக்கச் சொன்னார்கள். பிரிட்டனில் 1783 முதல் 1941 வரை இப்படிப்பட்ட கடை மருந்துகளுக்கு முத்திரை வரி இருந்தது. அமெரிக்காவில் 1862 முதல் 1883 வரை இருந்த வரிக்கு கம்பெனிகள் தங்கள் சொந்த டிசைனிலேயே வரி முத்திரை அச்சடித்துக்கொள்ள முடிந்தது, பல முதலாளிகள் அதில் தங்கள் முகத்தையே போட்டுக்கொண்டார்கள். தபால்தலை சேகரிப்பவர்களின் அட்டவணைகளில் இவையெல்லாம் கம்பெனி வாரியாக, தேதியோடு இருக்கின்றன. மருந்து வரலாறு தேடுபவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை என்பதுதான் வருத்தம்.

பாட்டிலையும் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் ஓடும் அச்சுத் தழும்பு வாய் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தால் முழுக்க மெஷினில் செய்த பாட்டில். முழு ஆட்டோமேட்டிக் பாட்டில் மெஷின் வந்தது 1903 வாக்கில்தான். இது துல்லியமான தேதி இல்லை, ஒரு எல்லைக்கோடு. ஆனால் விழா மலரில் இது எங்கள் முதல் பாட்டில் என்று போட்டிருக்கும் படத்தைச் சரிபார்க்க இது போதும்.

இன்னொன்று. லேபிளில் இருக்கும் பெயர் தயாரித்தவர் பெயரா, விற்றவர் பெயரா என்று பார்க்காமல் ஒரு வரி கூட எழுத வேண்டாம். உலகம் முழுக்கத் தெரிந்த மைலான் கம்பெனி 1961-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஒயிட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், பயன்பாட்டில் இல்லாத ஒரு ஸ்கேட்டிங் கூடத்தில் ஆரம்பித்தது. ஆனால் அப்போது அது மற்றவர்கள் செய்த மருந்தை வாங்கி விற்கும் கம்பெனி, சொந்தத் தயாரிப்பு சில வருடம் கழித்துத்தான் வந்தது. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் அந்த இடைப்பட்ட வருடங்களின் கதையே காணாமல் போய்விடும். வாங்கி விற்றவர்கள் ஏன் தாங்களே செய்யலாம் என்று துணிந்தார்கள், மெஷினுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, மருந்து தெரிந்த ஆளை எங்கே பிடித்தார்கள்? சின்னக் கம்பெனி வரலாற்றில் ருசியான பகுதி அதுதான்.

எந்த வருடம் ஆரம்பித்தது என்ற கேள்வி

ஒரே பதில் கிடைக்காது. கடை வைத்த வருடம், முதல் மருந்து செய்த வருடம், பேட்டன்ட் வாங்கிய வருடம், கம்பெனியாகப் பதிவான வருடம் எல்லாம் வேறு வேறு. விளம்பரத்துக்கு இருப்பதிலேயே பழையதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஊரில் உள்ள மெர்க் 1668-ஐத் தன் பிறந்த வருடமாகச் சொல்கிறது. அது குடும்பத்தின் முன்னோர் அந்த ஊர் மருந்துக்கடையை வாங்கிய வருடம். கடையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோய், தாவரங்களிலிருந்து ஆல்கலாய்டுகள் என்ற வீரியமான மருந்துப் பொருள்களைப் பிரித்து மொத்தமாக விற்க எமானுவேல் மெர்க் இறங்கியது 1827-இல். இரண்டும் உண்மைதான். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டையும் தனித்தனியாக, எது என்ன என்று சொல்லி எழுதுவது.

அவர்களுக்கு என்ன செய்யத் தெரிந்திருந்தது?

நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இந்தக் கேள்விக்குத்தான். முதலாளியின் உழைப்பு, நேர்மை, தொலைநோக்கு என்று பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் பொடி எப்படி மாத்திரையானது என்று ஒரு பத்தி எழுதுவதில்லை. ஒரு சிறிய ஊரில் ஒரு கம்பெனி நிலைத்தது என்றால் மற்றவர்களுக்கு வராத ஏதோ ஒன்று அவர்களுக்கு வந்திருக்க வேண்டும், இல்லை மற்றவர்கள் போகாத இடத்துக்கு அவர்கள் மருந்தைக் கொண்டுபோயிருக்க வேண்டும். அது என்ன என்று கண்டுபிடிக்கும்வரை எழுத ஆரம்பிக்க வேண்டாம்.

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் ஆரம்பித்த அப்ஜானை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் அப்ஜான் ஹேஸ்டிங்ஸ் என்ற சிற்றூரில் பிராக்டிஸ் செய்த டாக்டர். அந்தக் காலத்து மாத்திரை என்றால் மருந்தைப் பசையாகப் பிசைந்து உருட்டிக் காயவைத்து மேலே பூச்சு போடுவது. நாள்பட்டால் கல்லாகிவிடும், வயிற்றில் கரையாமல் உள்ளே போன மாதிரியே வெளியே வந்துவிடும். அவர் வேறு மாதிரி யோசித்தார். சுழலும் பாத்திரத்தில் சின்ன மணிகளைப் போட்டு, லேசாக ஈரமாக்கி, மருந்துப் பொடியைத் தூவித்தூவி அடுக்கடுக்காக வளர்த்தார். பசையாகப் பிசையாததால் உள்ளே பொடி பொடியாகவே இருந்தது. 1885-இல் பேட்டன்ட் கிடைத்தது, 1886-இல் சகோதரர்களோடு சேர்ந்து கலமசூவில் கம்பெனி ஆரம்பித்தார். அதை டாக்டர்களிடம் காட்டிய விதம் இன்னும் அருமை. ஒரு மரப்பலகையும் கொஞ்சம் மாத்திரைகளும் அனுப்பிவைத்தார்கள், மற்ற கம்பெனி மாத்திரையைச் சுத்தியலால் அடித்தால் ஆணி மாதிரி பலகைக்குள் இறங்கும், அப்ஜான் மாத்திரையோ கட்டைவிரலால் அழுத்தினாலே பொடியாகிவிடும். அந்தக் கட்டைவிரலே அவர்களின் வியாபாரச் சின்னமும் ஆனது.

நீங்கள் எழுதும் கம்பெனிக்கும் இப்படி ஒரு விஷயம் இருக்கும், இவ்வளவு பெரியதாக இல்லாவிட்டாலும். அதைத் தேட முதல் இடம் பேட்டன்ட் ஆவணங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் பின்னால் போகலாம். கம்பெனி பெயரில் தேடினால் பழையவை பெரும்பாலும் கிடைக்காது, ஆளின் பெயரிலும் ஊரின் பெயரிலும் தேடுங்கள். பழைய ஸ்கேன்களில் எழுத்துகள் தப்பாகப் பதிவாகியிருக்கும், அதனால் பெயரின் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். பேட்டன்ட் இல்லாத கம்பெனி என்றால் பழைய பார்மகோபியாவை, அதாவது மருந்துச் செய்முறைகளின் அதிகாரப்பூர்வத் தொகுப்பு நூலை எடுத்து, அவர்கள் செய்த மருந்து அதில் உள்ள செய்முறையேதானா என்று ஒப்பிடுங்கள். புத்தகத்தில் இருக்கும் சாதாரண மிக்ஸ்சரை நல்ல பெயரிலும் நல்ல பாட்டிலிலும் விற்ற கம்பெனிகள் ஏராளம். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, ஆனால் வாசகரிடம் சொல்லிவிட வேண்டும். ரகசிய மருந்து என்று விற்றவற்றையும் அக்காலத்திலேயே சோதித்துப் பார்த்து வெளியிட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-இல் அப்படி ஒரு தொகுப்பு போட்டது. இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் ஊரின் பீச்சம் கம்பெனி மாத்திரையில் கற்றாழைப் பாலும் இஞ்சியும் சோப்பும் இருந்ததாக அதில் இருக்கிறது.

கோர்ட்டுக்குப் போன காகிதங்கள்

வியாபார ரகசியத்தைக் கம்பெனி யாருக்கும் சொல்லாது, ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் தானே எழுதிக் கொடுத்துவிடும். இந்தியானாவின் எல்கார்ட் ஊரில் இருந்த டாக்டர் மைல்ஸ் கம்பெனி, தன் மருந்தை விலை குறைத்து விற்ற ஒரு மொத்த வியாபாரிமேல் வழக்குப் போட்டது. 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சட்டம் படிப்பவர்களுக்கு அது பிரபலமான தீர்ப்பு. நமக்கு வேண்டியது வேறு: நானூற்றுக்கும் மேற்பட்ட மொத்த வியாபாரிகளோடும் 25,000 சில்லறைக் கடைகளோடும் ஒப்பந்தம் போட்டிருந்ததாக அந்த வழக்கிலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தின் வாசகங்களும் இருக்கின்றன. ஒரு சிற்றூர்க் கம்பெனியின் கை எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்று இதைவிடத் தெளிவாக எந்த விழா மலரும் சொல்லப் போவதில்லை. அதனால் கம்பெனி பெயர், முதலாளி பெயர், முக்கிய மருந்தின் பெயர் மூன்றையும் வைத்துத் தீர்ப்புத் திரட்டுகளில் தேடுங்கள். அமெரிக்காவில் மருந்துச் சட்டத்தின் கீழ் நடந்த பறிமுதல், அபராத வழக்குகளின் சுருக்கங்கள் தனித் தொடராக அச்சிடப்பட்டன, தேசிய மருத்துவ நூலகம் அவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது.

இனி எழுதக் கஷ்டமான விஷயம். மருந்துக் கம்பெனியின் வரலாற்றில் மருந்தால் பாதிக்கப்பட்டவர்கள் இருந்தால் அதை எழுதித்தான் ஆக வேண்டும், கம்பெனியின் பெயரால் ஊரில் பள்ளிக்கூடமும் பூங்காவும் இருந்தாலும் சரி.

டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரில் இருந்த மாசென்கில் கம்பெனி 1937-இல் கிருமித் தொற்றுக்கான சல்ஃபனிலமைடு மருந்தை எலிக்சிர் என்ற பெயரில் டானிக் வடிவில் கொண்டுவந்தது. மாத்திரையாக ஏற்கெனவே நன்றாக வேலை செய்த மருந்துதான். திரவமாக வேண்டும் என்று கேட்கிறார்கள் என விற்பனைப் பிரதிநிதிகள் சொல்ல, தலைமை வேதியியலாளர் அது டைஎத்திலீன் கிளைகால் என்ற (விஷமான) கரைப்பானில் நன்றாகக் கரைகிறது என்று கண்டுபிடித்தார். ராஸ்பெர்ரி மணம் சேர்த்தார்கள். நிறம், மணம், சுவை மூன்றையும் சோதித்தார்கள், விஷமா என்று சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்று அப்போது சட்டமும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் நிறையக் குழந்தைகள்.

இதை எப்படி எழுதுவது? தந்திகளைப் பாருங்கள். செய்தி வந்ததும் கம்பெனி தன் பிரதிநிதிகளுக்கும் கடைகளுக்கும் டாக்டர்களுக்கும் சரக்கைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தந்தி கொடுத்தது, ஆனால் ஏன் என்று அதில் இல்லை. அரசு மருந்துத் துறை வற்புறுத்திய பிறகுதான் உயிருக்கு ஆபத்தாகலாம் என்று சொல்லும் இரண்டாவது தந்தி போனது. இந்த இரண்டு தந்திகளையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், நீங்கள் கண்டித்து ஒரு வார்த்தை எழுதத் தேவையில்லை. அப்புறம் சட்டத்தின் விசித்திரத்தையும் எழுதுங்கள்: அந்த மருந்தைப் பிடிக்க அதிகாரிகளுக்குக் கிடைத்த பிடிமானம், எலிக்சிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே லேபிள் தவறு என்பதுதான். மரணத்துக்காகப் பிடிக்க வழியே இல்லை. அடுத்த வருடம், 1938-இல், விற்கும் முன் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்ற புதிய சட்டம் வந்ததற்கு இதுதான் உடனடிக் காரணம். கம்பெனி மூடப்படவில்லை, 1971-இல் பீச்சம் வாங்கும்வரை ஓடியது. அந்த மீதி வருடங்களையும் எழுதத்தான் வேண்டும், அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு மருந்தைச் செய்தவர்கள் இல்லை.

கட்டடமும் ஆட்களும்

அமெரிக்க ஊர் என்றால் சான்பார்ன் தீ இன்சூரன்ஸ் வரைபடங்களைத் திறந்துவிடுங்கள், அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் தளத்தில் இருக்கின்றன. இளஞ்சிவப்பு செங்கல் கட்டடம், மஞ்சள் மரக் கட்டடம். பாய்லர் எங்கே, எத்தனை மாடி, ராத்திரிக் காவலாளி உண்டா என்பதெல்லாம் குறித்திருப்பார்கள். சில வருட இடைவெளியில் வந்த இரண்டு வரைபடங்களை ஒப்பிட்டால் கம்பெனி வளர்ந்ததா, ஒரே இடத்தில் நின்றதா என்று கண்ணுக்கே தெரியும். பிரிட்டனில் கோட் (Goad) என்ற கம்பெனியின் வரைபடங்கள் இதே வேலையைச் செய்கின்றன. மற்ற இடங்களில் நகராட்சியின் கட்டட அனுமதியும் சொத்துவரிப் பதிவும்தான் வழி.

ஆட்களிடம் பேசுவதைத் தள்ளிப் போடாதீர்கள். காகிதம் காத்திருக்கும், எண்பது வயதுக்காரர் காத்திருக்க மாட்டார். மேனேஜர்களைவிட முதலில் பேக்கிங் பிரிவில் இருந்தவர்களையும் மெஷின் கழுவியவர்களையும் பாய்லர் பார்த்தவர்களையும் பிடியுங்கள். கம்பெனி எப்படி இருந்தது என்று கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் பதில் வரும். காலையில் உள்ளே நுழைந்ததும் முதலில் என்ன செய்வீர்கள், எந்த மருந்து ஓடும் நாளில் தும்மல் வரும், துணியில் எந்த நிறம் போகாமல் ஒட்டும், ஒரு பேட்ச் கெட்டுப்போனால் யார் முடிவு செய்வார், அதை எங்கே கொட்டுவார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பலர் கொஞ்சம் தயங்குவார்கள், வற்புறுத்தாமல் காத்திருங்கள். பேச்சைப் பதிவு செய்ய எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பெயர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள். ஒருவர் சொன்ன வருடத்தை அப்படியே நம்ப வேண்டாம், அந்த வருடம் உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தானா என்று கேட்டால் தேதி தானாகச் சரியாகும்.

ஊரே ஒரு கம்பெனியை நம்பி வாழ்ந்திருந்தால் சில விஷயங்களில் மொத்த ஊரும் வாய் திறக்காது. அப்போது அந்த ஊர்ப் பத்திரிகையோடு நிற்காமல் பக்கத்து மாவட்டப் பத்திரிகை, தொழிற்சங்க இதழ், தொழில் பத்திரிகை எல்லாவற்றையும் பாருங்கள்.

கம்பெனி விற்கப்பட்ட பிறகு

சின்னக் கம்பெனி எதுவும் சும்மா மறைவதில்லை, இன்னொன்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆவணங்களும் கூடவே போகும். அப்ஜான் 1995-இல் ஃபார்மசியாவோடு சேர்ந்தது, 2003-இல் அது ஃபைசருக்குப் போனது. 2020 நவம்பரில் அப்ஜான் என்ற பெயரில் இருந்த ஃபைசரின் பிரிவு மைலானோடு சேர்ந்து வியாட்ரிஸ் என்ற புதுக் கம்பெனி ஆனது. அதாவது பெயர் ஒரு பக்கம் போனது, தொழிற்சாலை இன்னொரு பக்கம் ஃபைசரிடமே நின்றது. அடுத்த மாதமே கலமசூவை ஒட்டிய போர்ட்டேஜ் ஆலையிலிருந்து கோவிட் தடுப்பூசியின் முதல் லாரிகள் கிளம்பின. மைலானின் மார்கன்டவுன் ஆலையோ 2021-இல் மூடப்பட்டது, ஏறக்குறைய 1,500 பேருக்கு வேலை போனது. பெயர், கட்டடம், மருந்தின் உரிமை, ஆட்கள் என்ற நான்கையும் தனித்தனிக் கோடாக ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொன்றும் எந்த வருடம் யாரிடம் போனது என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது வைத்திருக்கும் கம்பெனியின் ஆவணப் பிரிவுக்குக் கடிதம் எழுதுங்கள். பொதுவாகப் பழைய ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டால் பதில் வராது, இந்த மருந்தின் இந்த வருட விலைப்பட்டியல் இருக்கிறதா என்று ஒன்றைக் குறிப்பாகக் கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம். பேட்ச் பதிவுகளைச் சட்டம் சொன்ன காலம் முடிந்ததும் அழித்திருப்பார்கள், அதைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம்.

எல்லாம் சேர்ந்த பிறகு அந்த வெள்ளிவிழா மலரை எடுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் உங்களிடம் உள்ள வெளி ஆதாரத்தைக் குறியுங்கள். ஒத்துப்போவதை எழுதுங்கள், முரண்படுவதை முரண்படுகிறது என்று சொல்லியே எழுதுங்கள், வேறு எங்கும் இல்லாததைக் கம்பெனி இப்படிச் சொல்கிறது என்று எழுதுங்கள். மலர் எதைப் பற்றிப் பேசவே இல்லையோ அதற்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். எழுதி முடித்ததும் ஸ்கேன்கள், பேட்டிப் பதிவுகள், லேபிள் படங்கள் எல்லாவற்றையும் எங்கே எப்போது எடுத்தது என்ற பட்டியலோடு ஊர் நூலகத்தில் ஒரு பிரதியும் மருந்தியல் கல்லூரி எதிலாவது இன்னொரு பிரதியும் கொடுத்துவிடுங்கள்.